ஒரு ஏ4 தாளில எட்டுப் பக்கம்: கடைக்காரர் கையில குடுக்க ஒரு மார்க்கட்டிங் குட்டிப் புத்தகம்

கொன்டென்ட் மார்க்கட்டிங் டிப்ஸ் என்டு நான் கனகாலமா பேஸ்புக்ல எழுதிக்கொண்டு இருந்தன், லைக் போடுறது முழுக்க என்னை மாதிரி டிசைன் வேலை செய்யிற ஆக்கள்தான், உண்மையில அது தேவைப்படுற மட்டக்களப்புக் கல்லடி தையல் கடை அக்காவும் தயிர்ச் சட்டி அடுக்கி வச்சிருக்கிற அண்ணனும் ஒரு நாளும் பார்த்ததில்ல. அவங்களுக்குப் போனும் இரிக்கு, பேஜும் இரிக்கு, கடையில நிண்டுகொண்டு நீட்டுக்கு வாசிக்கத்தான் ஏலா. ஆனா கையில ஒரு தாளைக் குடுத்தா அது காசு லாச்சிக்குப் பக்கத்தில கிடக்கும், ஆள் வராத நேரம் எடுத்துப் பார்ப்பாங்க. அதுக்குத்தான் இந்த ஸீன் (zine), நாமளே மடிச்சுச் செய்யிற குட்டிப் புத்தகம். மகஸின் என்ட சொல்லிட வால் அது, நம்மட பள்ளிக்கூடக் கையெழுத்துச் சஞ்சிகைக்குச் சொந்தக்காரன் என்டு வைங்க.

கடைக்காரர் அச்சடிச்சுக் குடுக்கிறது புது விசயமும் இல்ல. அமெரிக்காவில கலப்பை வித்த ஜோன் டீர் கம்பனி 1895லயே விவசாயிகளுக்கு ஒரு பத்திரிகை போடத் தொடங்கிட்டு, பிரான்ஸில மிஷலின் டயர் கம்பனி 1900ல கார் வச்சிருக்கிறவங்களுக்கு டயர் மாத்துற விதம், பெற்றோல் எங்க அடிக்கலாம், எங்க தங்கலாம் என்டு ஒரு கைநூலைச் சும்மா குடுத்தது. ரெண்டு பேரும் சாமானைப் பத்தி மட்டும் பேசாம, வாங்குற ஆளுக்கு உதவுற விசயத்தையும் குடுத்தாங்க. நீங்க கடைக்காரருக்குச் சொல்லிக் குடுக்கப்போறதும் இதைத்தான், அதால உங்கட ஸீனும் அப்படியே இருக்க வேணும். உங்கட டிசைன் வேலைக்கு விளம்பரம் மாதிரி இருந்தா அடுத்த நாள் அதில வடை சுத்துவாங்க.

முதல்ல எழுத்து. ஏ4 தாளை எட்டா மடிச்சா ஒரு பக்கம் 7.4 சென்டிமீட்டர் அகலம், 10.5 உயரம்தான் வரும், அதுக்குள்ள தலைப்போட 40 சொல் போட்டாலே காணும். ஒரு பக்கத்துக்கு ஒரு டிப், அவ்வளவுதான். அந்த டிப் நீங்க எங்கயோ வாசிச்சதா இல்லாம கடையில நிண்டு பார்த்ததா இருக்கட்டும். நான் அந்தத் தையல் கடையில ஒரு பின்னேரம் இருந்தன், ஒரு மணித்தியாலத்துக்குள்ள மூண்டு பேர் கோல் எடுத்து "ப்ளவுஸுக்கு எவ்வளவு துணி வேணும்" என்டு கேட்டாங்க, அக்காவும் மூண்டு பேருக்கும் அலுக்காம துணிட அகலம் 36 அங்குலமா 44 அங்குலமா என்டு திருப்பிக் கேட்டுத்தான் பதில் சொன்னா. அதை அப்படியே ரெண்டாம் பக்கத்தில போட்டன்: "ஒரே கேள்வியை மூண்டு பேர் கேட்டா அது ஒரு போஸ்ட். பதிலை போன்ல சொன்ன மாதிரியே எழுதுங்க." அக்கா அதை வாசிச்சிட்டு "இது நான்தானே" என்டு சிரிச்சா, அண்டைக்கு இரவே போஸ்ட் போட்டுட்டா.

மூண்டாம், ஆறாம் பக்கத்துக்கு இதுகளில ரெண்டைத் தெரிஞ்செடுங்க: விலையைக் கேட்டா "இன்பொக்ஸ் வாங்க" என்டு சொல்லாம போஸ்ட்லயே விலையைப் போடுறது, மருதமுனைச் சாரம், சாரி விக்கிறவங்க நெய்யிற தறியை அரை நிமிச வீடியோ எடுத்துப் போடுறது, படத்தைக் கடைக்குள்ள டியூப் லைட்டில எடுக்காம காலையில வாசல் வெளிச்சத்தில எடுக்கிறது. நடுப் பக்கம் ரெண்டையும் சேர்த்து ஒரு கலண்டர்: சித்திரை வருசம், நோன்புப் பெருநாள், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், தீபாவளி, நத்தார், பள்ளிக்கூடம் தொடங்குற நேரம். ஒவ்வொண்டுக்கும் மூண்டு கிழமைக்கு முன்னமே என்ன போடலாம் என்டு ஒரு வரி. ஏழாம் பக்கத்தை வெறும் கோடா விடுங்க, மேல "இந்தக் கிழமை ஆக்கள் கேட்ட கேள்வி" என்டு மட்டும் எழுதி. அந்தப் பக்கத்தைத் தயவுசெய்து நிரப்பிடாதீங்க.

இனி தாளை அடுக்கிற விதம், கனக்கப் பேர் பிழை விடுறது இதிலதான். தாளைக் கிடையா வச்சு எட்டுக் கட்டம் கீறுங்க, மேல நாலு கீழ நாலு. கீழ் வரிசையில இடமிருந்து வலமா 6, 7, 8, 1. மேல் வரிசையில 5, 4, 3, 2, ஆனா மேல இரிக்கிற நாலும் தலைகீழா. 1 முன் அட்டை, 8 பின் அட்டை. மறுகா நீட்டுவாக்கில ஒருக்கா மடிச்சு விரிங்க, குறுக்குவாக்கில பாதியா, திரும்பப் பாதியா மடிச்சு விரிங்க, எட்டுக் கட்டத்துக்கும் மடிப்புக் கோடு விழும். திரும்பக் குறுக்கால ஒரு தரம் மட்டும் மடிச்சு, மடிஞ்ச பக்கத்தில இருந்து நடுக்கோட்டு வழியா அடுத்த மடிப்பு மட்டும் வெட்டுங்க, அதுக்கு மேல போகப்படா. விரிச்சா நடுவில ரெண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு இருக்கும். நீட்டுவாக்கில மடிச்சு ரெண்டு நுனியையும் உள்ளுக்குத் தள்ளினா பிளவு விரிஞ்சு கூட்டல் குறி மாதிரி நிக்கும், அப்படியே சுத்தி மடிச்சா புத்தகம். ஸ்டேப்ளர் தேவையில்ல. முதல்ல வெத்துத் தாளில நம்பர் மட்டும் எழுதி மடிச்சுப் பாருங்க.

அடுத்தது எழுத்துரு. நான் முதல் தரம் யுனிகோட்ல அடிச்ச வேர்ட் பைலைப் பென் ட்ரைவ்ல போட்டுக் கொமினிகேசனுக்கு, அதுதான் பிரின்ட், போட்டோகொப்பி அடிக்கிற கடைக்கு, கொண்டு போனன், அந்தக் கொம்பியூட்டர்ல பாமினி என்ட பழைய தமிழ் எழுத்துரு மட்டும்தான் இருந்திச்சு, திறந்தா பாதி எழுத்து பெட்டி பெட்டியா, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். வீட்டிலயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்க, எழுத்துரு உள்ளுக்கே இருக்கும். பிரின்ட் குடுக்கக்குள்ள "100 வீதம்" என்டு சொல்லுங்க, தாளுக்கு ஏத்த மாதிரி சுருக்கினா மடிப்புக் கோடு தள்ளிப்போகும். ஓரத்தில 5 மில்லிமீட்டர் சும்மா விடுங்க, கனக்க மெசின் அதுக்குள்ள அடிக்காது. எழுத்து 11 பொயின்டுக்குக் குறையப்படா, ணகரம் றகரம் எல்லாம் போட்டோகொப்பியில மை அடைச்சுப்போகும். படம் வேணுமெண்டா பேனையால கீறின கோட்டுப் படம் போடுங்க, போன்ல எடுத்த படம் கறுப்பாத்தான் வரும்.

பின் அட்டையில கியூஆர் ஒண்டு போடுங்க, ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாம, சுத்திவர வெள்ளை விட்டு. வட்ஸ்அப் லிங்க் எண்டா நம்பரில முதல் பூச்சியத்தை எடுத்திட்டு 94 போடணும். லிங்க்குக்குள்ளயே முதல் மெசேஜை எழுதி வைக்கலாம், அதால கல்லடிக்கு ஒண்டு, காத்தான்குடிக்கு ஒண்டு, கல்முனைக்கு ஒண்டு என்டு வேற வேற கியூஆர் போட்டா "கல்முனையில புத்தகம் கிடைச்சது" என்டே மெசேஜ் வரும், எங்க குடுத்தது வேலை செய்யுது என்டு விளங்கும். ஒரு கொப்பியை மடிச்சு வேற ஆள்ட போன்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்திட்டு மிச்சத்தை அடிங்க.

குடுக்கிறது ஒரு கட்டா வச்சிட்டு வாற மாதிரி வேணாம். ஒவ்வொரு கடையா உங்கட கையால குடுங்க, அவங்கட தொழிலுக்குப் பொருந்துற பக்கத்தைத் திறந்து காட்டிட்டு வாங்க. முதல்ல 30 போதும். ரெண்டு கிழமையால திரும்பப் போய் எங்க வச்சிருக்காங்க, எந்தப் பக்கம் அழுக்குப் பட்டிருக்கு என்டு பாருங்க, ஏழாம் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க. தையல் கடை அக்கா அதில பென்சிலால நாலு கேள்வி எழுதி வச்சிருந்தா. கடைசி வரி, "அம்மாட பழைய சாரியில மகளுக்குச் சட்டை தைச்சுத் தருவீங்களா." அவட்டக் கேட்டுக்கொண்டு அதை நான் ரெண்டாவது இதழ் முன் அட்டையில போட்டன்.