படகில் பிரிட்ஜ்: கரண்ட் கணக்கு முதல் கதவு ரப்பர் வரை

கரையில் பிரிட்ஜை பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. பாய்மரப் படகில் அது குடிக்கும் ஒவ்வொரு ஆம்பியரையும் நாம்தான் தேடித் தர வேண்டும். 30, 35 அடிப் படகில் முதன்முதலாக பிரிட்ஜ் வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் முதலில் எந்த பிரிட்ஜ் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் பேட்டரியும் வயரும். படகு பிரிட்ஜ் மக்கர் பண்ணினால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1. வகையைத் தேர்ந்தெடுங்கள்

12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ்தான் சரி. சமையல் கேஸில் ஓடும் பிரிட்ஜ் படகு சாய்ந்தால் ஒழுங்காகக் குளிராது. கேஸ் கசிந்தாலோ, காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடியில் தங்கிவிடும். ஒரு தீப்பொறி போதும். வீட்டு பிரிட்ஜை இன்வர்ட்டரில் ஓட்டினால் இன்வர்ட்டருக்கும் சேர்த்து பேட்டரி கரையும்.

மேல்பக்கம் திறக்கிற பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். முன்கதவைத் திறந்தால் அத்தனையும் காலடியில் கொட்டிவிடும்.

2. கணக்குப் போடுங்கள்

படகுகளில் பரவலாக இருப்பது டான்ஃபோஸ் பிடி35 கம்ப்ரசர். இப்போது செகாப் என்ற பெயரில் வருகிறது. அது ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலக் கடலில் பாதி நேரம் ஓடினால் 12 மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-ஹவர்.

லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே ஒரு நாளைக்கு 100, இரண்டு நாள் மழை மேகம் போட்டாலும் தாக்குப்பிடிக்க 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வேண்டும். விளக்கு, ரேடியோ கணக்கு தனி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் பிரிட்ஜை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

நல்ல வெயிலில் 100 வாட் சோலார் பேனல் இழப்பெல்லாம் போக நாளுக்கு 28 ஆம்பியர்-ஹவர் போலத் தரும். அப்படியானால் பிரிட்ஜுக்கு மட்டும் 200 வாட். பாய்மரத்தின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால்கூட வரவு பாதியாகலாம் என்பதால், இடம் இருந்தால் கூடுதலாகவே போடுங்கள்.

3. வயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். 12 வோல்ட்டில் மெல்லிய வயர் போட்டால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். இந்த கம்ப்ரசருக்கு, பேட்டரியிலிருந்து 2.5 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. வயர், 4 மீட்டருக்கு 4, 6 மீட்டருக்கு 6, 10 மீட்டருக்கு 10. மீட்டர் எண்ணும் சதுர மி.மீ. எண்ணும் ஒன்றே என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பேட்டரியிலிருந்து நேராக, 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக இழுங்கள். உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய மரைன் வயரே வாங்குங்கள்.

அப்புறம் பிரிட்ஜ் ஓடும்போதே மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி முனையில் ஒரு அளவு, கம்ப்ரசர் முனையில் ஒரு அளவு. வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு இணைப்பு அரித்திருக்கிறது, அல்லது வயர் போதவில்லை. பேட்டரியைக் காப்பாற்ற இந்த கம்ப்ரசர், வேறு அமைப்பு செய்யாவிட்டால், 10.4 வோல்ட்டில் தானே நின்றுவிடும், 11.7 வந்தால்தான் மறுபடி ஓடும். கம்ப்ரசரை இயக்கும் கன்ட்ரோலரில் எல்இடி விளக்கு மாட்டியிருந்தால், அது ஒரு முறை சிமிட்டி இடைவெளி விட்டு மறுபடி சிமிட்டுவது இதைத்தான் சொல்கிறது. பிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பலருக்கு உண்மையில் இதுதான் பிரச்சினை.

4. குளிரைக் காப்பாற்றுங்கள்

பெட்டியைச் சுற்றி 75 முதல் 100 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம் இருந்தால் கரண்ட் செலவு நன்றாகக் குறையும். சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சருக்குக் காற்று வந்துபோக வழி விடுங்கள். எஞ்சின் அறைச் சூட்டில் வைக்காதீர்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்க குளிர் அதன் வழியே ஒழுகும்.

கரை கரண்ட் இருக்கும்போதோ எஞ்சின் ஓடும்போதோ பிரிட்ஜை நன்றாகக் குளிரவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த சாமான்களையே ஏற்றுங்கள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள்.

5. பராமரிப்பு

உறைபனி 5 மி.மீ. தடிமன் ஆனதும் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டவே சுரண்டாதீர்கள்: உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு ஓட்டை விழுந்தால் அதற்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ் முழுக்கப் போய்விடும், நடுக்கடலில் சரிசெய்ய வழியில்லை.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாளை இடுக்கி மூடுங்கள். தாள் சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். மாதம் ஒரு முறை கண்டன்சர் தூசியை பிரஷால் தட்டி, பேட்டரி முனைகளைத் துடைத்து வாசலின் தடவுங்கள்.

படகைக் கட்டிவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? பிரிட்ஜைக் காலி செய்து, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் துடைத்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு துணியைச் செருகி வையுங்கள். சாத்தி வைத்தால் ஓரிரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.