டோனா ரீடைப் பற்றி எழுதும்போது எல்லோரும் விழும் பள்ளம்

பழைய ஹாலிவுட் நடிகைகளைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் இப்போது நிறைய. சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் மட்டும் டோனா ரீடைப் பற்றி மூன்று கட்டுரைகள் படித்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே பள்ளத்தில் மூன்று பேரும் வரிசையாக விழுந்திருந்தார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, ஊரை மாற்றிப் போடுவது மாதிரி விஷயங்களை நான் தொடப்போவதில்லை. அதையெல்லாம் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள்.

இன்றைய புகழை 1946-க்குக் கொண்டுபோவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். 1946-இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு மனைவியாக, மேரியாக நடித்தார், அந்தப் படம் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது என்று எழுதுவார்கள். நானும் எழுதினேன், ஒரு சிறுபத்திரிகையில், நாலு பக்கத்துக்கு, ரொம்பப் பெருமையாக. அமெரிக்காவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீடுவீடாக ஓடுகிற படம், அதில் கதாநாயகி, அப்புறம் என்ன சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வாசகரிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. நீல மையில், மளிகைக் கணக்கு எழுதுவதுபோல் ஒன்றின் கீழ் ஒன்றாக: 1947 – ஒரு படம். 1948 – ஒரு படம். 1949 – ஒரு படம். 1950 – இல்லை. அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: “உச்சம் எங்கே?”

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி. 1947-இல் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்காக ‘கிரீன் டால்ஃபின் ஸ்ட்ரீட்’. அடுத்த இரண்டு வருஷமும் பாரமவுண்ட் ஸ்டூடியோவில் நடிகர் ஆலன் லாட்டுடன் வருஷத்துக்கொரு படம் என்கிற மாதிரி ‘பியாண்ட் குளோரி’, ‘சிகாகோ டெட்லைன்’. 1950-இல் ஒன்றுகூட வெளியாகவில்லை. உச்சத்துக்குப் போன நடிகையின் கணக்கா இது?

நடந்தது வேறு. இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. முதல் ஓட்டத்தில் போட்ட பணம் திரும்பவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரை வந்தும் அந்த ஐந்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அந்த ஐந்திலும் டோனா ரீட் பெயர் கிடையாது. காப்ரா கூட்டாளிகளோடு ஆரம்பித்த லிபர்ட்டி ஃபிலிம்ஸ் என்ற படக் கம்பெனியை 1947-இலேயே பாரமவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். அப்புறம் படம் கிட்டத்தட்ட மறந்தே போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 வருஷம், அதன் பிறகு மனுப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். 1974-இல் அந்த மனுவை யாரும் போடவில்லை. உரிமைத்தொகை இல்லாமல் ஓட்டலாம் என்று தெரிந்ததும் ஊர் ஊருக்கு டிவி நிலையங்கள் டிசம்பர் மாதத்தில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. இன்று நாம் பார்க்கிற புகழ் அங்கிருந்து வந்தது; ஒரு காகிதம் நிரப்பப்படாததால் வந்தது. அதற்குள் டோனா ரீடின் சினிமா வாழ்க்கையும் முடிந்து, டிவி தொடரும் முடிந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது.

இந்த ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். 1946-இல் உச்சம் என்று வைத்துவிட்டால், பிறகு வரும் ஒவ்வொன்றையும் சறுக்கல் என்றோ மறுவரவு என்றோ எழுத வேண்டிவரும், இல்லாத கதையை இட்டுக்கட்ட வேண்டிவரும். நானும் இட்டுக்கட்டினேன். “குடும்பத்துக்காக விலகினார்” என்று ஒரு வரி, எந்த ஆதாரமும் இல்லாமல். இப்போதெல்லாம் எழுத உட்காரும் முன்னால் ஒரு தாளில் கோடு போட்டு வருஷம், ஸ்டூடியோ, போஸ்டரில் பெயர் எத்தனையாவது என்று மூன்றே பத்தி எழுதிக்கொள்கிறேன். போஸ்ட் கார்டுக்காரரிடம் கற்றது.

ஆஸ்கர் வாங்கினால் வாய்ப்பு குவியும் என்று நம்புவது

‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’க்காகச் சிறந்த துணை நடிகை விருது வாங்கினார். அதுவரை செய்த சாது வேடங்களுக்கு நேர் எதிராக, ஹோனலூலுவில் ஒரு கிளப்பில் வேலை பார்க்கும் பெண்ணாக. சரி, அதற்குப் பிறகு? ‘தே ரோட் வெஸ்ட்’, ‘த்ரீ அவர்ஸ் டு கில்’ என்று குதிரைப் படங்கள். 1955-இல் ‘தி ஃபார் ஹொரைசன்ஸ்’ படத்தில் அமெரிக்கப் பழங்குடிப் பெண் சகாஜவியாவாக வேடம் போட வைத்தார்கள். இன்று பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. விருது அலமாரியில் இருந்தது, வேடங்கள் பழைய தடத்திலேயே வந்தன.

விருது வருஷம்

படம் 1953. விழா 1954 மார்ச். குழப்பாதீர்கள்.

டிவிக்குப் போனதை ஓய்வு மாதிரி எழுதுவது

1958 முதல் 1966 வரை ஏபிசி டிவியில் ‘தி டோனா ரீட் ஷோ’ தொடர். எட்டு வருஷம், 275 எபிசோடுகள். வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 34 சொச்சம். இன்றைக்கு ஒரு சீசனுக்கு எட்டு எபிசோடு எடுத்துவிட்டுக் களைத்துப்போகிறார்கள். அதைவிட முக்கியம், அந்தத் தொடரின் பின்னால் இருந்த டோடான் கம்பெனி அவருடையதும் கணவர் டோனி ஓவனுடையதும். டோனி, டோனா, இரண்டு பெயரையும் ஒட்டிப் பாருங்கள், கம்பெனிப் பெயர் வந்துவிடும். திரையில் ஏப்ரன் கட்டிய அம்மா, வெளியே முதலாளியம்மா. முதல் பாதியை மட்டும் எழுதுகிறவர்கள் பாதி வாழ்க்கையை விட்டுவிடுகிறார்கள்.

வேடத்தையே ஆளாக நினைப்பது

1967-இல் வியட்நாம் போரை எதிர்த்து ‘அனதர் மதர் ஃபார் பீஸ்’ என்ற அமைப்பின் இணைத் தலைவரானவர் இவர். அந்த டிவி தொடரில் வந்த இல்லத்தரசி டோனா ஸ்டோன் அல்ல.

பெயர்

1941-இல் வந்த முதல் படத்தில் டோனா ஆடம்ஸ். பிறந்தபோது டோனா பெல் முலெங்கர். மூன்றையும் தேடுங்கள்.

‘டல்லாஸ்’ விவகாரத்தை ஒரு வரியில் முடிப்பது

“கடைசியில் டல்லாஸிலும் நடித்தார்” என்று முடித்துவிடுகிறார்கள். ‘டல்லாஸ்’ டிவி தொடரில் மிஸ் எல்லியாக நடித்துவந்த பார்பரா பெல் கெடஸ் விலகியதால் 1984-85 சீசனில் அந்த வேடத்துக்கு இவரை எடுத்தார்கள். பார்பரா திரும்பி வர ஒப்புக்கொண்டதும் இவரை நீக்கினார்கள். வழக்குப் போட்டார். பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். 1986 ஜனவரி 14 அன்று கணையப் புற்றுநோயில் இறந்தார், 65 வயது நிறைய இன்னும் 13 நாள் இருந்தது.