லங்காவித் தீவின் மாட் சின்சாங் மலைக்குக் கேபிள் காரில் செல்வது எப்படி? கொங்கு நாட்டிலிருந்து முதன்முறையாகப் புறப்படுவோருக்கு

பழனியில் விஞ்சிலும் ரோப் காரிலும் ஏறிப் பழகிய நமக்குக் கம்பிவடத்தில் மலையேறுவது புதிதல்ல. ஆடிக் காற்று பலமாக வீசும் நாளில் ரோப் காரை நிறுத்திவிட, வரிசையிலிருந்து விலகிப் படிப்பாதைக்கு நடந்த அனுபவமும் நம்மில் பலருக்கு உண்டு. மலேசியாவின் லங்காவித் தீவிலுள்ள மாட் சின்சாங் மலையிலும் இதே கதைதான். ஆனால் அங்கே சுற்றுலாப் பயணி சட்டென்று திரும்பி நடப்பதற்கு யானைப் பாதையோ படிப்பாதையோ கிடையாது. காற்றும் இடியும் மேகமும் இடம் கொடுத்தால்தான் மலை. ஆகவே இந்தப் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு, மலையேறும் நாளை மட்டும் நெகிழ்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

முதல் முறை நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். மூன்று நாள் பயணத்தில் கடைசி நாள் பிற்பகலை மலைக்கென்று ஒதுக்கினேன். மதியம் இரண்டு மணிக்கு இடி இடிக்கத் தொடங்கியது, வண்டி நின்றது, அடிவாரத்தில் இளநீர் குடித்துவிட்டுப் பொள்ளாச்சிக்குத் திரும்பினோம். பொள்ளாச்சிக்காரன் கடல் கடந்து போய் இளநீர் குடித்துவிட்டு வந்த கதையை எங்கள் வீட்டில் இன்னும் மறக்கவில்லை. பின்வரும் செய்முறை, அம்மாவை அழைத்துக்கொண்டு சென்ற இரண்டாவது பயணத்தில் கற்றது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயிலடித்தாலும் பிற்பகலில் இடிமழை வருவது சாதாரணம். பொங்கல் விடுமுறையையொட்டிச் செல்வது எல்லா வகையிலும் நல்லது. கோடையில்தான் முடியும் என்பவர்கள் காலை நேரத்தை விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: தாள்களும் வழியும்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இது காலவரம்புள்ள சலுகை என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் அது நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாகவும், திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகவும் லங்காவியை அடையலாம். கரூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்தினருக்குத் திருச்சியே வசதி. சிங்கப்பூர் வழியாகச் செல்பவர்கள் இரண்டு விமானங்களுக்கும் ஒரே பயணச்சீட்டு எடுப்பது பாதுகாப்பானது. தனித்தனியே எடுத்தால், பெட்டியைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க வெளியே வர நேரும், அதற்குச் சிங்கப்பூர் விசா தேவைப்படும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். மின்செருகி மூன்று தட்டைக் கால்கள் கொண்டது என்பதால், அதற்கான மாற்றுச்செருகி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு காலைகளை ஒதுக்குதல்

தீவில் நான்கு நாள் தங்குவதாகக் கொள்வோம். இரண்டாம் நாள் காலையை மலைக்கு என்றும், மூன்றாம் நாள் காலையை மாற்று என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியிலேயே மலை கிடைத்துவிட்டால் மூன்றாம் நாளில் கடற்கரைக்கோ படகுச் சவாரிக்கோ போகலாம். பராமரிப்புக்காக முழுநாளோ அரைநாளோ வண்டி ஓடாத தேதிகளும் உண்டு. அவற்றையும் அன்றைய நேரத்தையும் கேபிள் காரின் அதிகாரப்பூர்வத் தளத்தில் முந்தைய இரவே பார்த்துவிட வேண்டும். நுழைவுச்சீட்டு இணையத்திலும் நேரிலும் கிடைக்கிறது. வெளிநாட்டினருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதல். மேலேயுள்ள தொங்குபாலத்துக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும்.

நான்காம் படி: அடிவாரத்தை அடைதல்

அடிவார நிலையம் தீவின் வடமேற்கில், தெலுக் புராவ் பகுதியில் ஓரியண்டல் வில்லேஜ் என்ற வளாகத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலோர் தங்கும் செனாங் கடற்கரையிலிருந்து வாடகைக் காரில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். கிராப் செயலியிலும் வண்டி அழைக்கலாம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். எனினும் தாமே ஓட்ட விரும்புவோர் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றுச் செல்வது நல்லது. முதல் வண்டி கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். பகல் ஏறினால் வரிசை திருத்தணி கிருத்திகைக் கூட்டம்போல நீண்டுவிடும்.

ஐந்தாம் படி: ஏறுதலும் இறங்குதலும்

புதியவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். ஆறு பேர் அமரக்கூடிய பெட்டி நிலையத்துக்குள் வந்ததும் ஓடும் வடத்திலிருந்து தன் பிடியைத் தளர்த்திக்கொண்டு, மெல்ல ஊர்ந்தபடியே கதவைத் திறக்கும். அது முழுவதுமாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. பெட்டி நகரும் திசையிலேயே இரண்டு எட்டு நடந்து உள்ளே நுழைந்து எதிரெதிராக உட்கார வேண்டும். முதியவர் உடன் வந்தால் பணியாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கதவு மூடிய பின் பெட்டி மீண்டும் வடத்தைக் கவ்வும்போது ஒரு சிறு குலுக்கல் வரும். கோபுரத்தின் உருளைகளைக் கடக்கும்போது தடதடவென்று ஓசை கேட்டு, பெட்டி சற்று முன்னும் பின்னும் ஆடும். இரண்டும் இயல்பானவை.

மொத்தத் தொலைவு சுமார் 2.2 கிலோமீட்டர், கால் மணி நேரப் பயணம். சில இடங்களில் ஏற்றம் 42 பாகை வரை செங்குத்தாக இருக்கும். அங்கே அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங் கண்ணு, இது பழனியாட்டம் சட்டுனு முடிஞ்சிராதா?” என்று கேட்டார். சற்று நேரத்தில் பெட்டிக்குக் கீழே, காட்டு மரங்களின் தலைக்கு மேல், வெண்கழுத்தும் செம்பழுப்புச் சிறகுமாக ஒரு கருடன் வட்டமிட்டது. குடமுழுக்கு நாளில் கோபுரத்துக்கு மேலே அண்ணாந்து தேடும் பறவையைக் குனிந்து பார்க்க நேர்ந்ததும், அவர் முழங்கையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் பயம் பற்றிய பேச்சே எழவில்லை.

ஆறாம் படி: மேலே

சுமார் 650 மீட்டர் உயரத்தில் இடை நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி வரிசையில் நின்று 708 மீட்டர் உயரத்திலுள்ள உச்சி நிலையத்துக்குப் போகலாம். அடிவாரத்தைவிட நான்கைந்து பாகை வெப்பம் குறைவாக இருக்குமேயன்றி ஊட்டிக் குளிர் கிடையாது. கம்பளிச்சட்டை வேண்டாம், மெல்லிய மழைச்சட்டை போதும். வானம் தெளிந்திருந்தால் அந்தமான் கடலும், வடக்கே தாய்லாந்துக்குரிய தருதாவ் தீவும் தெரியும். மேகம் மூடியிருந்தால் உடனே இறங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் பொறுத்தால் திரை விலகியதுபோல் கடல் தெரியும், மறு நிமிடமே மறைந்தும் போகும்.

125 மீட்டர் நீளத்தில் வளைந்து செல்லும் தொங்குபாலம், சாய்ந்து நிற்கும் ஒற்றைத் தூணின் வடங்களில்தான் தொங்குகிறது. தூணின் உயரம் சுமார் 82 மீட்டர். உச்சி நிலையத்திலிருந்து பாலத்துக்குப் படிகளில் இறங்கலாம். திரும்ப ஏறும்போது மூட்டு வலிக்காரர்கள் சிரமப்படுவார்கள் என்பதால், அவர்கள் கட்டணம் செலுத்திச் சரிவு மின்தூக்கியில் செல்வதே நல்லது. பாலத்தின் சில இடங்களில் தரை கண்ணாடியால் ஆனது. நான் அதைத் தாண்டி நடந்தேன், அம்மா அதன் மேலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மாட் சின்சாங்கின் மணற்கல் 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியன் காலத்தது, அந்நாட்டின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று என்று அங்கே பெருமையோடு சொல்வார்கள். சொல்லட்டும், நம் நீலகிரிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இந்த மலையைப் பற்றிய நாட்டுக்கதை எனக்கு இன்னும் பிடித்தது. மாட் சின்சாங், மாட் ராயா என்ற இரண்டு பூதங்கள் ஒரு கல்யாண வீட்டில் சண்டையிட்டுச் சட்டியை உடைக்க, குழம்பு கொட்டிய இடம் குவா நகரமாயிற்றாம்; மலாய் மொழியில் குவா என்றால் குழம்புதான். பந்தியில் சண்டை மூண்டு குழம்புவாளி கவிழ்வது எந்த ஊருக்கும் பொது போலும்.

ஏழாம் படி: இறங்கிய பின்

பிற்பகல் இடிக்கு முன்னதாகவே இறங்கிவிடுங்கள். நேரமும் காலில் வலுவும் மிச்சமிருந்தால், அருகிலேயே இருக்கும் தெலாகா துஜு அருவிக்குப் போகலாம். அப்பெயருக்கு ஏழு கிணறு என்று பொருள். படிகள் அதிகம், பாறை வழுக்கும், குரங்குகள் மருதமலைக் குரங்குகளுக்குச் சற்றும் சளைத்தவையல்ல. ஆகவே தின்பண்டப் பையை அடிவாரத்திலேயே காலி செய்துவிட்டு ஏறுங்கள்.