மண்டைக்குள்ள ஓடுற பாட்ட நிறுத்துறது எப்படி, அது கூட்டிட்டு வர்ற ஞாபகத்த பிடிச்சு வைக்கிறது எப்படி

போன சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகர் மலைக்கே திரும்பிப் போயிட்டாரு, எங்க தெருவுல கட்டியிருந்த குழா ஸ்பீக்கரையெல்லாம் அவுத்து வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாய்ங்க, ஆனா அதுல போட்ட ஒரு பாட்டுல ரெண்டே ரெண்டு வரி மட்டும் என் மண்டைய விட்டு எறங்கவே இல்ல. வெள்ளன எந்திரிச்சு பல்லு வெளக்கும்போது ஓடுது, தெப்பக்குளம் தாண்டி வண்டி ஓட்டும்போது ஓடுது, கடையில பில்லு போடும்போது ஓடுது. நாலாவது நாளு வீட்டுக்காரம்மா "ஏங்க, அந்த ரெண்டு வரிய விட்டா வேற பாட்டே கிடையாதா"ன்னு கேட்டப்பதான் நான் வாய்விட்டே பாடிக்கிட்டு இருந்திருக்கேன்னு தெரிஞ்சுச்சு. என்ன பாட்டுன்னு இங்க சொல்ல மாட்டேன், சொன்னா படிக்கிற உங்களுக்கும் ஒட்டிக்கும், அதோட குணமே அதுதான்.

அந்த நாலு நாளும் அதுக்கப்புறமும் நான் செஞ்சு பாத்தது, தேடிப் படிச்சது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். பாட்டு நிக்கணும்னு இருக்கவங்களுக்கும் பிரயோஜனப்படும், அந்தப் பாட்டுக்குப் பின்னாடி ஏதோ ஒண்ணு இருக்கு, என்னன்னு பிடிபடலன்னு தவிக்கிறவங்களுக்கும் பிரயோஜனப்படும்.

மொதல்ல பயப்படாதீங்க. இது நோய் இல்ல. ஜெர்மன்காரங்க இதுக்கு காதுப்புழுன்னே ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. ஃபின்லாந்துல 12,000 பேருக்கு மேல விசாரிச்சப்ப, கிட்டத்தட்ட பத்துல ஒம்பது பேரு வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் வருதுன்னு சொல்லியிருக்காங்க. திருவிழாவுல பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போயிரும்ல, ஸ்பீக்கர் பொசுக்குன்னு நின்னுரும், ஆனா கூட்டத்துல பாதிப்பேரு அடுத்த வரிய தானா பாடிருவாங்க. 2005ல இதே மாதிரி தெரிஞ்ச பாட்ட நடுவுல நிறுத்தி நிறுத்தி மூளைய ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்காங்க, சத்தம் இல்லாத அந்த இடத்துலயும் கேக்குற பகுதி வேலை செஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. ஆக, பாட்டு வெளிய நின்னாலும் உள்ள நிக்கிறதில்ல, அவ்வளவுதான் விஷயம்.

இப்ப செய்ய வேண்டியதுக்கு வருவோம். எல்லாரும் மொதல்ல பண்ற தப்பு, பாட்ட நினைக்கக்கூடாதுன்னு மல்லுக்கட்டுறது. டேனியல் வெக்னர்ங்குற மனோதத்துவ பேராசிரியர் 1987ல வெள்ளைக் கரடிய நினைக்காதீங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்லிப் பாத்தாரு, அவங்களுக்கு அந்தக் கரடிதான் திரும்பத் திரும்ப வந்து நின்னுச்சு. குரங்க நினைக்காம மருந்து குடின்னு நம்ம ஊர்ல எப்பவோ சொல்லிட்டாங்களே, அதேதான். அதனால விரட்டாதீங்க, ஓடட்டும்னு விட்டுட்டு எந்த இடத்துல ஆரம்பிக்குது, எந்த இடத்துல அறுந்து போயி மறுபடி மொதல்லருந்து வருதுன்னு மட்டும் கவனிங்க. ஒரு பேப்பர் எடுத்து அந்த வரிய எழுதுங்க, எந்த வார்த்தையில அறுபடுதோ அங்க ஒரு கோடு போடுங்க. பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா எனக்கு மொத்தக் கதையும் வெளிய வந்தது இந்தக் கோட்டாலதான்.

என் பாட்டு சரணத்துல ரெண்டாவது வரியோட நடுவுல அறுபட்டுச்சு. வரி முடியிற இடத்துல கூட இல்ல, ஒரு வார்த்தைக்கு நடுவுல. ஏன் இப்படி ஒரு இடத்துல அறுபடுதுன்னு யோசிச்சுக்கிட்டே அவனியாபுரம் பைபாஸ்ல போயிக்கிட்டு இருக்கேன், திடீர்னு டக்குனு ஒரு சத்தம் மனசுக்குள்ள கேட்டுச்சு. டேப் ரெக்கார்டர்ல கேசட் முடிஞ்சா பட்டன் தானா மேல எகிறும்ல, அந்தச் சத்தம். வாடிப்பட்டியில எங்க தாய்மாமா வீட்டுல ஒரு கேசட் இருந்துச்சு, அப்பல்லாம் ரெக்கார்டிங் கடையில பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா பதிஞ்சு குடுப்பாங்க, 60 நிமிஷ கேசட்டுன்னா ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், கடைசிப் பாட்டுக்கு இடம் பத்தாம பாதியில அறுந்து போகும். மாமா கேசட்டுல ஏ பக்கத்துல அறுந்த பாட்டு இதுதான், முழுப் பரீட்ச லீவும் நான் அத அறுந்தபடியேதான் கேட்டேன். அந்த டக்கு சத்தத்தோட சேர்ந்து மாமா வீட்டுத் திண்ணை, சிமெண்ட் தரையோட ஜில்லுப்பு, அத்தை அம்மியில தேங்கா சில்லு வச்சு அரைக்கிறது எல்லாம் ஒண்ணா வந்துருச்சு, நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்.

அடுத்து, பாட்ட முழுசா கேட்டு முடிங்க. இதுதான் இருக்கறதுலயே நல்ல வழின்னு நான் சொல்வேன். ப்ளூமா செய்கார்னிக்ங்குற ரஷ்ய அம்மா 1927லயே ஒண்ண கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க, முடிச்ச வேலைய விட பாதியில நின்ன வேலைதான் மனசுல அதிகமா தங்குமாம். டீக்கடை மாஸ்டருக்கு காசு குடுக்காத ஆளோட டீக்கணக்குதான் ஞாபகம் இருக்கும், குடுத்தவன் கணக்கு அப்பவே அழிஞ்சுரும், அந்த மாதிரி. பாட்டும் நமக்குத் தெரியாத வரி வந்த உடனே முட்டிக்கிட்டு மொதல்ல இருந்து ஓடுது. அதனால ஹெட்போன மாட்டி, போன கையில நோண்டாம, முன்னாடி வர்ற மியூசிக்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவ கேளுங்க, கடைசி பல்லவிய மட்டும் கூடவே வாய்விட்டு பாடுங்க. ஒரு தடவதான், பத்து தடவ கேட்டா இன்னும் இறுகிரும். வண்டிய ஓரம்கட்டுன அதே இடத்துல நான் அந்தப் பாட்டோட மீதிய இத்தன வருஷத்துல மொத தடவையா கவனிச்சுக் கேட்டேன், அந்த அறுந்த வார்த்தைக்கு அடுத்து என்ன வருதுன்னு தெரிஞ்சுச்சு, சாயங்காலத்துக்குள்ள பாட்டு நின்னுருச்சு.

கேட்டும் நிக்கலையா, சூயிங் கம் மெல்லுங்க. விளையாட்டுக்கு சொல்லல, இங்கிலாந்துல ரெடிங் யுனிவர்சிட்டியில பண்ணி 2015ல வெளியிட்ட ஆராய்ச்சி இது, கம் மென்னவங்களுக்கு பாட்டு வர்றது கொறைஞ்சிருக்கு. மனசுக்குள்ள பாடும்போது வாயும் நாக்கும் பாடுறதுக்குத் தயாராகிக்கிட்டே இருக்குமாம், அதுக்கு வேற வேலை குடுத்துட்டா பாட்டுக்கு ஆள் இல்லாம போயிருது. வெறும் வெத்தல பாக்கு போட்டாலும் அதே வேலை நடக்கும்னு எனக்குத் தோணுது, ஆனா சோதிச்சது கம்முலதான்.

இல்லையா, புதிர் போடுங்க. குறுக்கெழுத்து, சுடோகு எதுவா இருந்தாலும் சரி, ஆனா ரொம்ப ஈசியாவும் இருக்கக்கூடாது, தலைய பிச்சுக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது. ஈசியா இருந்தா மனசு சும்மா இருக்கும், ரொம்ப கஷ்டமா இருந்தா மனசு கழண்டு அலைய ஆரம்பிச்சுரும், ரெண்டுலயும் பாட்டு உள்ள வந்துரும்னு 2013ல அமெரிக்காவுல ஐரா ஹைமன் குழு சொல்லியிருக்கு. எனக்கு கணக்கு நோட்ட எடுத்து கூட்டல் சரிபாக்கறதே போதுமா இருந்துச்சு.

ராத்திரி தூக்கம் வராம பாட்டு ஓடுறவங்களுக்கு ஒண்ணு. தூங்கறதுக்கு முன்னாடி பாட்டு கேட்டா தூக்கம் வரும்னு நாம நினைக்கிறோம், எனக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சு. 2021ல பேய்லர் யுனிவர்சிட்டிக்காரங்க சோதிச்சுப் பாத்ததுல, படுக்குறப்ப கேட்ட பாட்டு ராத்திரி முழிப்பு தட்டும்போது மறுபடி ஓடுது, தூக்கத்த கெடுக்குது. அதுலயும் வரி இல்லாம வெறும் மியூசிக் மட்டும் கேட்டவங்களுக்குத்தான் அதிகம். தெரிஞ்ச பாட்டோட மியூசிக்க மட்டும் போட்டா மனசு வரிய தேடிப் பிடிச்சு நிரப்பப் பாக்கும்னு நினைக்கிறேன். நான் இப்ப சாப்பாட்டுக்கு முன்னாடியே பாட்ட நிறுத்திருறேன்.

டாக்டர பாக்க வேண்டிய எடமும் இருக்கு. பாட்டு மனசுக்குள்ள ஓடுதுன்னு தெரியாம, பக்கத்து வீட்டு ரேடியோவுல ஓடுற மாதிரி வெளியில இருந்தே கேக்குதுன்னா அது வேற. வயசானவங்களுக்கு காது மந்தமாகும்போது இப்படி வர்றது உண்டு, மனநோய்னு நினைச்சு மறைக்காம மொதல்ல காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அதே மாதிரி பாட்டு நாள் கணக்கா நிக்காம வேலை, தூக்கம் ரெண்டையும் கெடுத்து மனச அரிச்சுக்கிட்டு இருந்தா அதுக்கும் வைத்தியம் இருக்கு, தயங்காதீங்க.

இனிமே நான் நிஜமா சொல்ல வந்தது. ஒட்டுற பாட்டு எல்லாத்துக்குப் பின்னாடியும் ஞாபகம் இருக்கும்னு கிடையாது, முக்கால்வாசி காலையில மினி பஸ்ல கேட்டதுதான் மத்தியானம் ஓடும். ஆனா பத்து வயசுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள கேட்ட பாட்டு ஒண்ணு காரணமே இல்லாம வந்து நின்னா, அதுக்கு நேரம் ஒதுக்குங்க. மனுஷனுக்கு வாழ்க்கையில அந்த வருஷங்கள்தான் அதிகமா ஞாபகத்துல தங்கும், அந்த வயசு பாட்டும் அப்படித்தான்.

எப்படி தேடுறதுன்னா, யாரு, எப்பன்னு ஆரம்பிக்காதீங்க, அது பரீட்ச கேள்வி மாதிரி ஆகி மனசு மூடிக்கும். பாட்டு எங்க இருந்து கேட்டுச்சுன்னு கேளுங்க. குழா ஸ்பீக்கரா, பஸ்ஸு டேப்பா, சலூன் கடை ரேடியோவா, கல்யாண வீட்டு மைக்செட்டா. சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, நீங்க உக்காந்திருந்தீங்களா நின்னீங்களா, காலுக்குக் கீழ என்ன இருந்துச்சு, என்ன வாசம். ஒரே ஒரு பொருள் தட்டுப்பட்டா போதும், மத்தது தானா வரும். வந்த உடனே போன்ல நாலு வரி எழுதி வச்சிருங்க, சாயங்காலம் எழுதிக்கலாம்னு விட்டா போயிரும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். உங்களுக்கு ஒசத்தியான ஞாபகம் இருக்குற பாட்ட ரிங்டோனா வைக்காதீங்க, தெனமும் கேக்குற லிஸ்டுலயும் சேக்காதீங்க. ஒரு பாட்டு ஒரு இடத்தோட மட்டும் கட்டிக்கிடக்குற வரைக்கும்தான் அது உங்கள நேரா அங்க கூட்டிட்டுப் போகும், தெனமும் கேட்டா ட்ராஃபிக்கு, ஆபீஸு, அடுப்படின்னு நூறு இடம் அது மேல படிஞ்சு பழசு அடியில போயிரும். வருஷத்துக்கு ரெண்டு தடவ கேளுங்க, போதும். எங்கக்காவுக்கு அவ கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஓடுன பாட்டு ஒண்ணு உண்டு, எங்கயாச்சும் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவா, வீட்டுல தனியா இருக்கும்போது மட்டும் கேப்பா.

இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்த 11 நாளும் கேன்டீன் டிவியில ஒரு பாட்டு திரும்பத் திரும்ப ஓடுச்சு, அவரு போனதுக்கு அப்புறம் அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எனக்கு டெட்டால் வாடை வரும், நெஞ்ச அடைக்கும். ரெண்டு வருஷம் ஓடி ஓடி ஒளிஞ்சேன். அப்புறம் நானே அந்தப் பாட்ட எடுத்து, மகள சைக்கிள்ல வச்சு ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓட்டிப் பழக்குனப்ப வேணும்னே போட்டேன், பல நாள் போட்டேன். இப்பவும் அப்பா ஞாபகம் வரும், ஆனா கூடவே அவ ஹேண்டில ஆட்டிக்கிட்டு "அப்பா விட்டுராத, விட்டுராத"ன்னு கத்துறதும் வரும். துக்கம் இன்னும் பச்சையா இருக்கறவங்க இத அவசரப்பட்டு செய்யாதீங்க, உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப செய்ங்க.

கடைசியா, வீட்டுல மறதி வந்த பெரியவங்க இருந்தா இதத்தான் மொதல்ல செய்யணும். பேரு, ஊரு, பெத்த பிள்ள எல்லாம் மறந்தவங்களுக்கும் சின்ன வயசு பாட்டு ரொம்ப நாளைக்கு தங்கும். எங்க அப்பத்தாவுக்கு சொந்த ஊரு சோழவந்தான் பக்கம், வாய்க்கா பாசனம், நடவுக்கும் போயிருக்கு, வெத்தலக் கொடிக்காலுக்கும் போயிருக்கு. கடைசி ரெண்டு வருஷம் என்னையே "யாருப்பா நீ, எந்த ஊரு"ன்னு கேக்கும். சினிமா பாட்டு போட்டுப் பாத்தேன், திரும்பிக்கூட பாக்கல. அதுக்கு சினிமா பாட்டு பெரிய மனுஷி ஆனதுக்கு அப்புறம் வந்தது. அதுக்குள்ள இருந்தது நடவுப் பாட்டு. எங்க பெரியத்தைகிட்ட மொத அடி மட்டும் கேட்டுக்கிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து மெதுவா பாடிட்டு நிறுத்திட்டேன். நிறுத்தணும், அதுதான் இங்க செய்முறை, முழுசா நீங்களே பாடிறாதீங்க, அறுந்த எடத்துல அவங்க வந்து பிடிச்சுக்குவாங்க. அப்பத்தா ரெண்டாவது அடிய எடுத்துச்சு. சேலைய முழங்காலுக்கு மேல இழுத்து சொருகுச்சு, கட்டில்ல உக்காந்தபடியே வலது கை பெருவிரலும் ரெண்டு விரலும் சேர்ந்து கீழ குத்திக் குத்தி எந்திரிக்குது, நாத்து ஊன்றாப்புல, தாளத்துக்கு ஒரு நாத்து. கடைசியில நாக்க சுழட்டி குலவை போட்டுச்சு, பல்லு இல்லாத வாயில பாதி காத்துதான் வந்துச்சு.

போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, யாரு பாடுனது, எந்தத் தேதி, எந்த ஊரு பாட்டுன்னு ஆரம்பத்துலயே உங்க குரல்ல சொல்லிருங்க, ஃபைல இன்னும் ரெண்டு பேருக்கு அனுப்பி வைங்க. பாட்டு முடிஞ்ச உடனே நிறுத்துற பட்டன அமுக்கிறாதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. அன்னைக்கு குலவை போட்டு முடிச்சுட்டு அப்பத்தா கொஞ்ச நேரம் மூச்சு வாங்குச்சு, அப்புறம் எங்கப்பா பேரச் சொல்லி என்னக் கூப்பிட்டு "மடை தெறந்தாச்சாடா, மத்தியானத்துக்குள்ள அந்தக் குண்டு வயலையும் முடிச்சிருவோம்"னு சொல்லுச்சு. அது என் போன்ல இருக்கு.