பைக் கண்காட்சிக்குப் போகிறீர்களா, வண்டி ஓட்டுகிறவராகப் போங்கள்

பைக் கண்காட்சிக்குப் போகிற நிறையப் பேர், மேடையில் லைட் போட்டு நிறுத்தியிருக்கும் புது வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நாலு ஸ்டிக்கரும் ஒரு சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வண்டி கொஞ்ச நாளில் நம் ஊர் ஷோரூமுக்கே வந்துவிடும், அங்கே கூட்டம் இல்லாமல் பார்க்கலாம், டெஸ்ட் ரைடும் கேட்கலாம். கண்காட்சியில் மட்டுமே கிடைப்பது வேறு. ஒரே கூரைக்குக் கீழே பல கம்பெனி ஹெல்மெட்டுகளை மாற்றி மாற்றித் தலையில் போட்டுப் பார்க்கலாம், ஒரே வண்டியைப் பல வருடமாக வைத்துப் பராமரிக்கும் ஆட்களோடு நின்று பேசலாம். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டுக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதல் நாள் ராத்திரியே ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன் டயர், பின் டயர் அளவு (ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு முன்னால் 100/90-19 என்று டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும்), ஹெல்மெட் வாங்கிய வருடம், புருவத்துக்கு ஒரு விரல் மேலே தையல் டேப்பைச் சுற்றி எடுத்த தலையளவு சென்டிமீட்டரில், அப்புறம் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது, இடுப்பிலா, மணிக்கட்டிலா, கழுத்திலா. கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதிக்கொண்டு போவதில்லை, ஆனால் ஸ்டால் ஸ்டாலாக நீங்கள் கேட்க வேண்டியதே அதுதான். ஹேண்டில்பாரை உயர்த்துகிற ரைசர் போட்டால் மணிக்கட்டு வலி குறையுமா, சீட்டில் ஸ்பாஞ்ச் மாற்றினால் போதுமா, ஃபுட்ரெஸ்டைக் கொஞ்சம் பின்னால் தள்ள முடியுமா என்று உங்கள் உடம்பை வைத்துக் கேட்டால், பதில் சொல்கிறவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மார்கழி, தை மாதத்தில் நடக்கிற கண்காட்சி என்றால் போகிற வழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கோபி, சத்தி பக்கம் வாய்க்கால் ஓர ரோடுகளிலும், ஆழியாரிலிருந்து பொள்ளாச்சி வரும் தென்னந்தோப்பு ரோடுகளிலும் விடிகாலையில் பனி இறங்கினால் முன்னால் போகிற வண்டி தெரியாது. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், லோபீமில் வாருங்கள். வைசரை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், மூச்சுக்காற்று உள்ளே ஆவியாகப் படியாது. இந்த மாதங்களில் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்கள் நிறைய ஓடும், டிரெய்லரின் பின்னால் லைட் இருக்காது, இருந்தாலும் கரும்புச் சோகை அதை மறைத்திருக்கும், அதனால் பனி விலகும் வரை அறுபதைத் தாண்டாதீர்கள். குளிருக்கு, பழைய லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி ஜாக்கெட்டுக்கு உள்ளே நெஞ்சுப் பக்கம் நாலு மடிப்பு செய்தித்தாளை வைத்துக்கொண்டால் காற்று ஏறாது, வெயில் வந்ததும் எடுத்துப் போட்டுவிடலாம். மத்தியானம் கோயமுத்தூரில் வேர்க்கும் என்பதால் கனமான ஸ்வெட்டர் வேண்டாம். டயர் காற்றைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள், பாதி வழியில் பங்கில் பார்த்தால் சூட்டில் அளவு ஏறித்தான் காட்டும்.

கோவையில் இந்த மாதிரிக் கண்காட்சிக்கு வசதியான இடம் கொடிசியா வளாகம். திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து அவிநாசி ரோட்டில் வருகிறவர்கள் கோல்டுவின்ஸில் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏற வேண்டியதில்லை, கீழ் ரோட்டிலேயே வந்தால் திருப்பம் கிடைக்கும். பார்க்கிங்கில் இறங்கியதும் உள்ளே ஓடாதீர்கள். டிஎன் 33, டிஎன் 36, டிஎன் 41, டிஎன் 78 என்று ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும், நிஜமாக ஓடுகிற வண்டியில் எந்த கிராஷ் கார்டு தாங்கியிருக்கிறது, எந்த லக்கேஜ் கேரியர் வெல்டிங் விட்டிருக்கிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள், திருட்டு ஒரு பக்கம், கண்ணாடிக் கம்பி உள்ளே தெர்மகோலை அமுக்கிவிடும், அமுங்கினது அமுங்கினதுதான்.

முடிந்தால் வார நாளில் போங்கள், இல்லையென்றால் கதவு திறக்கிற நேரத்துக்குப் போங்கள். உள்ளே போனதும் பழைய வண்டிகள் எங்கே என்று கேட்டு முதலில் அங்கே போய்விடுங்கள். காலையில்தான் அந்த எஞ்சின்கள் குளிர்ந்திருக்கும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்வதைப் பார்த்தால்தான் அது ஓட்டுகிற வண்டியா, பெயின்ட் அடித்து நிறுத்திய வண்டியா என்று தெரியும். பழைய பாயின்ட் செட் (ஸ்பார்க் வருவதற்குத் திறந்து மூடுகிற சின்னத் தொடுமுனைகள்) உள்ள புல்லட் இருந்தால், வைத்திருப்பவர் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். சாவியைத் திருப்பியதும் கரண்ட் ஓட்டத்தைக் காட்டுகிற ஆம்ப்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால் முள் நடுவுக்கு வருகிற ஒரு இடம் வரும், அங்கே லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரே மிதி. அந்த இடம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த வண்டியில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. எஸ்டி ரோடுகிங்கில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றேதான், உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். 1961-லிருந்து 1996 வரை மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டிகளில் ஒன்று அது. 1985-ல் வந்து 1996-ல் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாருக்கும் தெரிந்ததுதான், 98 சிசி, 11 குதிரைத்திறன், அவ்வளவு லேசான வண்டியில் அது எப்படி இழுக்கும் என்று கேள்விப்பட்டதோடு நிற்காமல் ஒரு தடவை பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன் கேளுங்கள், சீட்டில் உட்காருவதற்கு முன் கண்டிப்பாகக் கேளுங்கள், பெல்ட் பக்கிளும் ஜிப்பும் டேங்க் பெயின்ட்டைக் கீறிவிடும். விலை என்ன என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். "ஏனுங்ணா, கிராங்க் யாருகிட்டக் குடுத்து ரெடி பண்ணுனீங்க?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். எந்தப் பட்டறையில் சிலிண்டர் ரீபோர் அடித்தது (தேய்ந்த உள்பக்கத்தைப் பெரிதாகக் கடைவது), ஓவர்சைஸ் பிஸ்டன் எங்கிருந்து வந்தது, கிடைக்காத புஷ்ஷை எந்த லேத்தில் கடைந்து வாங்கினார் என்று அவரே சொல்லிக்கொண்டு போவார், அதையெல்லாம் அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு இது புதிய பழக்கமும் இல்லை. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் பார்த்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளுக்காகவே கோயமுத்தூர் வந்து ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டித்தான் எஞ்சின் படித்தார். அப்புறம்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது எல்லாம்.

பார்த்த ஆசையில் பழைய வண்டி வாங்க நினைத்தால் காகிதத்தைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சியைப் புதுப்பித்திருக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், ஆனால் அந்தப் பதிவு எண்ணோடு தினமும் வேலைக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான்.

இனி ஹெல்மெட். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 4151-ஓடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், அதற்கு மேல் ஐரோப்பாவின் தரச் சான்றான ஈசிஇ 22.06-ம் இருந்தால் நல்லது. தலையில் போட்டு ஸ்ட்ராப்பை இறுக்கிவிட்டு, கையால் பிடித்து இடவலம் திருப்புங்கள், கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். பின்பக்க அடியைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள், கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. கடையில் செய்ய முடியாததை இங்கே செய்யலாம்: ஹெல்மெட்டைக் கழற்றாமல் பத்து நிமிடம் அந்த ஸ்டாலிலேயே நின்று ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் பாருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தினால் வேறு மாடல் கேளுங்கள், அந்த வலி ஓட்ட ஓட்டச் சரியாகாது. கன்னத்தில் இறுக்கமாக இருப்பது பரவாயில்லை, ஸ்பாஞ்ச் பழகிவிடும்.

குளிர்காலக் கண்காட்சியில் ஜாக்கெட் வாங்கும்போது கை தானாகத் தடிமனான ஜாக்கெட்டுக்குப் போகும், அந்த ஹாலின் ஏசியில் அது சுகமாகவும் இருக்கும். நமக்குக் குளிர் இரண்டு மாதம், வெயில் மீதி மாதம் எல்லாம். சித்திரையில் காங்கயம் ரோட்டில் போட்டுக்கொண்டு ஓட்ட முடியாத ஜாக்கெட் பீரோவில்தான் தொங்கும், ஓட்டும்போது உடம்பில் இல்லாத ஜாக்கெட் எதற்கும் உதவாது. காற்று புகுகிற வலைத்துணி மெஷ் ஜாக்கெட்டாக, உள்ளே கழற்றி மாட்டுகிற லைனரோடு வாங்குங்கள். தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் இருக்கும் பேடைக் கையால் எடுத்துப் பாருங்கள், முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் வைத்து விற்பது நிறைய நடக்கிறது.

தள்ளுபடி டயர் என்றால் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3524 என்றால் 2024-ஆம் வருடம் 35-ஆவது வாரத்தில் செய்தது. ரொம்பப் பழசு என்றால் விட்டுவிடுங்கள். சத்தமான சைலன்சர் விற்கிற ஸ்டாலில் நிற்காமலே போகலாம் என்பது என் கருத்து, ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கூடாது, அதைவிட, ராத்திரி பத்து மணிக்கு ஊருக்குள் அந்தச் சத்தத்தோடு போனால் குழந்தை தூங்குகிற ஒவ்வொரு வீடும் பைக் ஓட்டுகிற எல்லாரையும் சேர்த்துத்தான் திட்டும்.

புது வண்டிகளைக் கடைசியாகப் பாருங்கள். உட்காரவிட்டால், நீங்கள் நிஜமாக ஓட்டும் ஷூவோடு உட்காருங்கள், சைடு ஸ்டேண்டை எடுத்து வண்டியை நேராக நிறுத்தி இரண்டு காலும் எப்படி ஊன்றுகிறது என்று பாருங்கள். ராயல் என்ஃபீல்டில் ஹண்டர் 350-ன் சீட் உயரம் 790 மில்லிமீட்டர், கிளாசிக் 350 805, ஹிமாலயன் 450 825. தாளில் சின்ன வித்தியாசமாகத் தெரியும், சிறுவாணி ரோடு மாதிரி சாய்வான ஓரத்தில் ஹிமாலயன் மாதிரி 196 கிலோ வண்டியை நிறுத்தும்போது கால் எட்டுமா என்பதை அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் முடிவு செய்யும். விலை கேட்கும்போது ஆன் ரோடு விலையை எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம், அதனால் 350-க்கும் 400-க்கும் இடையில் யோசிக்கிறவர்கள் பழைய விலையை மனதில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கண்காட்சிச் சலுகை இன்றைக்கு மட்டும் என்று சொல்லி அட்வான்ஸ் கேட்டால், பணம் திரும்ப வருமா என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தர யோசித்தால் கொடுக்க வேண்டாம். வண்டி பிடித்திருந்தால் அடுத்த வாரம் உங்கள் ஊர் ஷோரூமில் டெஸ்ட் ரைடுக்குச் சொல்லிவைத்து, பின்னால் வழக்கமாக உட்காருகிறவரையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள்.