போனோடு வந்த ஆப்களை நீக்குவது எப்படி? கணினியும் வேண்டாம், ரூட்டும் வேண்டாம்

புதுப் போனை வைஃபையில் இணைத்த சில நிமிடங்களிலேயே கேட்காத ஆப்கள் தாமாக இறங்கத் தொடங்கும். கடன் தரும் ஆப், மிட்டாய் உடைக்கும் விளையாட்டு, பெயரே கேள்விப்படாத பிரவுசர். விலை குறைந்த போன்களில் இது இன்னும் கூடுதல். சியோமி 2018இல் வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் எடுப்பதில்லை என்று அறிவித்தது. விளம்பரமும், ஆப்களை ஏற்றிக்கொடுப்பதற்கு வரும் பணமும் எதற்கு என்பது அதிலிருந்தே புரியும்.

இப்படி வரும் ஆப்கள் மூன்று வகை. ஐகானை அழுத்திப் பிடித்தால் அன்இன்ஸ்டால் காட்டுபவை முதல் வகை. அவற்றை அப்படியே நீக்கிவிடுங்கள். இரண்டாம் வகையில் செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாகப் போனால் டிசேபிள் பொத்தான் மட்டும் இருக்கும். அதை அழுத்தினாலும் போதும். மூன்றாம் வகையில் இரண்டு பொத்தானும் இருக்காது, அல்லது மங்கிக் கிடக்கும். இந்த விளக்கம் அந்த மூன்றாம் வகைக்கானது. இதற்கு பூட்லோடரை (போனைத் தொடக்கி வைக்கும் பூட்டிய நிரல்) திறக்கவோ ரூட் (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றுவது) செய்யவோ தேவையில்லை. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்கும் போன், வைஃபை, அரை மணி நேரம் இருந்தால் போதும்.

உண்மையில் என்ன நடக்கிறது

தயாரிப்பாளர் ஏற்றிய ஆப்கள் சிஸ்டம் பகுதியில் இருக்கின்றன. அங்கே படிக்க மட்டுமே முடியும், எழுதவோ அழிக்கவோ முடியாது. ஆனால் ஆண்ட்ராய்டு ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பயனருக்கு எந்த ஆப் என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. போனின் முதன்மைப் பயனருக்கு எண் 0. நாம் செய்யப்போவது, 'இந்த ஆப் 0ஆம் பயனருக்கு வேண்டாம்' என்று அந்தக் கணக்கைத் திருத்துவதுதான். ஆப் ஓடாது, அறிவிப்பு அனுப்பாது, டேட்டா எடுக்காது. மூலக் கோப்பு மட்டும் உள்ளேயே இருக்கும்.

அதனால் நல்லதும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. தவறுதலாக எதையாவது நீக்கினால் இணையம்கூட இல்லாமல் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் 'நினைவகம் நிறைந்துவிட்டது' என்று இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு அவ்வளவாகப் பலன் இருக்காது. பெரும்பாலும் ஆப் சேர்த்த தரவு பிடித்த இடம் மட்டுமே திரும்பக் கிடைக்கும்.

தயாரிப்பு

புகைப்படம், வாட்ஸ்அப் உரையாடல், தொடர்புகள் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். போனில் இருக்கும் கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். காரணம் கடைசியில் வரும்.

இரண்டு ஆப்கள் தேவை. முதலாவது ஷிசுக்கு. இது பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். சாதாரண ஆப்களுக்கு இல்லாத உயர் அனுமதியை, டெவலப்பர்களுக்காக ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் டீபக்கிங் வழியாகப் பெற்றுத்தருவது இதன் வேலை. இரண்டாவது கான்டா. அந்த அனுமதியைப் பயன்படுத்தி ஆப்களை நீக்குவது இதுதான். இதை எஃப்-டிராய்டு என்ற திறந்த மூல ஆப்களுக்கான தளத்திலிருந்து இறக்குங்கள். நிறுவும்போது 'இந்த மூலத்திலிருந்து அனுமதிக்கவா' என்று பிரவுசருக்கு அனுமதி கேட்கும். கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவிடுங்கள். சாம்சங் போனில் நிறுவலே தடுக்கப்பட்டால் செட்டிங்ஸின் செக்யூரிட்டி பகுதியில் ஆட்டோ பிளாக்கர் என்ற ஒன்று ஆனில் இருக்கும். தற்காலிகமாக அதை அணைக்க வேண்டும். வேறு ஏதோ தளத்தில் 'மாற்றியமைக்கப்பட்ட கான்டா' கிடைத்தால் தொடாதீர்கள். இவ்வளவு அனுமதியை முகம் தெரியாத ஆளிடம் கொடுப்பதற்கு, விளம்பர ஆப்போடு வாழ்வதே மேல்.

ஷிசுக்குவை உயிர்ப்பித்தல்

1. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்க, செட்டிங்ஸில் அபவுட் ஃபோன் போய் பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். சாம்சங்கில் அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும். சியோமி, ரெட்மி, போகோவில் பில்ட் நம்பருக்குப் பதில் எம்ஐயூஐ வெர்ஷன் அல்லது ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும். ரியல்மீ, ஓப்போவில் வெர்ஷன் என்ற பக்கத்துக்குள் பாருங்கள்.

2. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங், வயர்லெஸ் டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். வைஃபையில் இணைந்திருந்தால்தான் இரண்டாவது ஆன் ஆகும். வீட்டில் வைஃபை இல்லையென்றால் இன்னொருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். அதில் இணையம் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. ரயில் நிலையம், டீக்கடை போன்ற பொது வைஃபையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

3. ஷிசுக்குவைத் திறந்து பேரிங் (இணை சேர்த்தல்) பொத்தானை அழுத்துங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்டால் கொடுங்கள். 'பேரிங் சேவையைத் தேடுகிறது' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மேலே வந்து நிற்கும்.

4. மறுபடியும் வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்துக்குப் போங்கள். இம்முறை சுவிட்சை அல்ல, அந்தப் பெயரையே தட்டி உள்ளே நுழைந்து, 'பேர் டிவைஸ் வித் பேரிங் கோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 6 இலக்க எண் தோன்றும்.

5. தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். எண்ணைப் பார்த்துவிட்டு ஷிசுக்குவுக்குத் திரும்பாதீர்கள். அந்தப் பெட்டி மூடியவுடனே எண் செல்லாமல் போகும். பெட்டியை அப்படியே விட்டு, மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையை இழுத்து, ஷிசுக்கு அறிவிப்பிலேயே எண்ணை உள்ளிடுங்கள்.

6. இணைப்பு வெற்றி என்று வந்ததும் ஷிசுக்குவுக்குத் திரும்பி ஸ்டார்ட் அழுத்துங்கள். 'ஷிசுக்கு இஸ் ரன்னிங்' என்று மேலே தெரிந்தால் சரி.

போனை அணைத்துப் போட்டால் ஷிசுக்கு நின்றுவிடும். பேரிங் மறுபடி தேவைப்படாது. வயர்லெஸ் டீபக்கிங்கை ஆன் செய்து ஸ்டார்ட் அழுத்தினால் போதும்.

சியோமி போன்களில் அறிவிப்புக்குள் எண்ணைத் தட்டச்சு செய்யும் பெட்டியே வராமல் போகலாம். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், அறிவிப்புத் திரையின் பாணியை எம்ஐயூஐ என்பதிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற்றினால் வரும். அதே போன்களில் 'யூஎஸ்பி டீபக்கிங் செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்று இன்னொரு சுவிட்ச் உண்டு. அதுவும் ஆன் ஆக வேண்டும். அதற்கு எம்ஐ கணக்கும் போனுக்குள் சிம்மும் கேட்பார்கள். ரியல்மீ, ஓப்போ, ஒன்பிளஸ் போன்களில் 'டிசேபிள் பெர்மிஷன் மானிட்டரிங்' என்பதை ஆன் செய்யாவிட்டால் ஷிசுக்கு ஓடுவதாகக் காட்டும், ஆனால் கான்டாவுக்கு அனுமதி போய்ச் சேராது. பாதியிலேயே ஷிசுக்கு செத்துப்போனால், அதன் பேட்டரி அமைப்பை 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள்.

எதை முதலில் நீக்குவது

கான்டாவைத் திறந்தால் போனில் உள்ள அத்தனை ஆப்பும் பட்டியலாக வரும். சில நூறு இருக்கும், பயப்பட வேண்டாம். பலவற்றின் பக்கத்தில் ரெகமெண்டட், அட்வான்ஸ்டு, எக்ஸ்பர்ட், அன்சேஃப் என்ற முத்திரைகளில் ஒன்று இருக்கும். யூனிவர்சல் ஆண்ட்ராய்டு டீப்ளோட்டர் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் சேர்த்த தகவல் அது. தொடங்குபவர்கள் ரெகமெண்டட் முத்திரையோடு நின்றுகொள்ளுங்கள்.

பலரும் ஐகானைப் பார்த்து நீக்குகிறார்கள். ஒரு வாரத்தில் அதே விளையாட்டு, அல்லது அதன் தம்பி, திரும்ப வந்து நிற்கிறது. கோரையை மேலே அறுத்தால் மறுபடி முளைக்கத்தான் செய்யும், கிழங்கைத் தோண்ட வேண்டும். இங்கே கிழங்கு என்பது ஆப்களை இறக்கிவிடும் ஆப். அதற்குப் பெரும்பாலும் ஐகானே இருக்காது.

ஃபேஸ்புக் நல்ல உதாரணம். கான்டாவின் தேடலில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், நீங்கள் அறிந்த ஆப் தவிர ஃபேஸ்புக் ஆப் இன்ஸ்டாலர், ஃபேஸ்புக் ஆப் மேனேஜர், ஃபேஸ்புக் சர்வீசஸ் என்று மூன்று நிழல்கள் பல போன்களில் வெளிவரும். கணக்கே இல்லாதவர் போனிலும் இவை இருக்கும். மூன்றையும் நீக்கலாம். ஃபேஸ்புக் பயன்படுத்துபவருக்கும் நஷ்டமில்லை. பிளே ஸ்டோர் வழியாக அப்டேட் வந்துகொண்டேதான் இருக்கும்.

சியோமியில் கெட்ஆப்ஸ், விவோவில் வி-ஆப்ஸ்டோர், ரியல்மீயிலும் ஓப்போவிலும் ஆப் மார்க்கெட் ஆகியவை இந்த வகை. சாம்சங்கின் ஏ, எம் வரிசைகள் சிலவற்றில் ஆப்கிளவுட் என்பது இருக்கும். அமெரிக்காவில் நெட்வொர்க் நிறுவனம் வழியாக வாங்கிய போனானால் மொபைல் சர்வீசஸ் மேனேஜர் என்ற பெயரைத் தேடுங்கள். நெட்வொர்க்காரர்களின் கூட்டு ஆப்களை இறக்குவது டிஜிட்டல் டர்பைன் நிறுவனத்தின் அந்த ஆப்தான். கேலக்ஸி ஸ்டோரை மட்டும் நீக்காதீர்கள். சாம்சங்கின் சொந்த ஆப்கள் பலவற்றுக்கு அப்டேட் அங்கிருந்துதான் வருகிறது.

நீக்கும் முறை எளிது. பெயருக்குப் பக்கத்தில் டிக் செய்து குப்பைத்தொட்டிச் சின்னத்தை அழுத்துங்கள். முதல் முறை ஷிசுக்கு அனுமதி கேட்கும், எப்போதும் அனுமதி என்று கொடுங்கள். ஒரே மூச்சில் நாற்பதை டிக் செய்யாதீர்கள். ஐந்து ஆப் நீக்குங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அழைப்பு, கேமரா, ஓடிபி எல்லாம் சரியாக வருகிறதா பாருங்கள், பிறகு அடுத்த ஐந்து. ஏதாவது கெட்டால் எது காரணம் என்று அப்போதுதான் பிடிக்க முடியும். நீக்கியவை எல்லாம் கான்டாவின் இரண்டாவது தாவலில் இருக்கும். அங்கே தேர்ந்தெடுத்து மீட்டால் ஆப் திரும்பிவிடும். அதன் பழைய தரவு மட்டும் திரும்பாது.

கை வைக்கக் கூடாதவை

சியோமி போன்களில் ஃபைண்ட் டிவைஸ், செக்யூரிட்டி ஆகிய இரண்டும் பார்ப்பதற்குத் தேவையற்றவை போலத் தெரியும். நீக்கினால் அடுத்த முறை ஆன் ஆகும்போது லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு. எல்லாப் போன்களிலும் சிஸ்டம் யூஐ, செட்டிங்ஸ், பேக்கேஜ் இன்ஸ்டாலர், கூகுள் பிளே சர்வீசஸ், வெப்வியூ, மீடியா ஸ்டோரேஜ், கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ் பக்கம் போகாதீர்கள். லாஞ்சரையும் (முகப்புத் திரையைக் காட்டும் ஆப்) கீபோர்டையும் நீக்குவதென்றால் மாற்று ஒன்றை நிறுவி, அதையே டிஃபால்ட்டாக வைத்த பிறகுதான். கீபோர்டு இல்லாமல் திரைப் பூட்டின் கடவுச்சொல்லைக்கூட அடிக்க முடியாத நிலை வரும்.

பெயரில் ஐஎம்எஸ் (4ஜி வழி அழைப்புகளை நடத்தும் பகுதி) என்று இருப்பவற்றிலும் கை வைக்க வேண்டாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பு வோல்ட்டி (4ஜி இணைப்பு வழியாகப் பேசும் முறை) போன்றவற்றில்தான் ஓடுகிறது. ஐஎம்எஸ் போனால் இணையம் இருக்கும், அழைப்பு இருக்காது. வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸையும் விட்டுவையுங்கள், புயல் போன்ற எச்சரிக்கை அந்த வழியாக வரலாம்.

தவணையில் வாங்கிய போனில் கடன் நிறுவனத்தின் பூட்டு ஆப் இருந்தால் இந்த முறையில் போகாது. போனின் நிர்வாகி உரிமை அதனிடம் இருப்பதால் ஆண்ட்ராய்டே மறுத்துவிடும். தவணை முடிந்ததும் அவர்களிடமே கேட்டு நீக்கச் சொல்ல வேண்டும். அலுவலகம் கொடுத்த போனுக்கும் இதே கதைதான்.

நீக்காமலே அடக்கக்கூடியவை

சியோமியின் எம்எஸ்ஏ என்பது சிஸ்டம் விளம்பரங்களைக் கொண்டுவரும் ஆப். அதை நீக்க முயல்வதைவிட அனுமதியைப் பறிப்பது நல்லது. செட்டிங்ஸில் பாஸ்வேர்ட்ஸ் அண்டு செக்யூரிட்டி, அதற்குள் ஆத்தரைசேஷன் அண்டு ரெவகேஷன். எம்எஸ்ஏவை அணைத்து, 10 நொடி எண்ணி முடிந்ததும் ரிவோக் அழுத்துங்கள். முடியவில்லை என்று பிழைச் செய்தி காட்டும். பெரும்பாலும் இது முதல் முயற்சியில் நடக்காது. இணையத்தை ஆனில் வைத்து, நடக்கும் வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள்.

பூட்டுத் திரையில் செய்தியும் விளையாட்டும் காட்டும் கிளான்ஸை லாக் ஸ்கிரீன் அமைப்பிலேயே அணைக்கலாம். சியோமியில் அது வால்பேப்பர் கரோசல் என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

திரை நடுவே ஓகே, கேன்சல் என்று திடீரென முளைக்கும் சந்தாப் பெட்டி ஆப்பிலிருந்து வருவதில்லை, சிம்மிலிருந்து வருகிறது. சிம் டூல்கிட்டைத் திறங்கள். ஏர்டெல்லில் ஏர்டெல் நவ் என்பதற்குள் ஸ்டாப், வியில் ஃபிளாஷ் என்பதற்குள் டீஆக்டிவேட். அந்தப் பெட்டியில் கைதவறி ஓகே தட்டிக் காசை இழக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

வேலை முடிந்த பிறகு

வயர்லெஸ் டீபக்கிங், யூஎஸ்பி டீபக்கிங், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் மூன்றையும் அணையுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும். ஆட்டோ பிளாக்கரை மறுபடி ஆன் செய்யுங்கள். ஷிசுக்குவும் கான்டாவும் இல்லாவிட்டாலும் நீக்கியவை நீக்கியவையாகவே இருக்கும். ஆனால் பெரிய சிஸ்டம் அப்டேட் வந்தால் சில ஆப்கள் உயிர்த்தெழும். அன்று ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். டூயல் ஆப்ஸ், செக்யூர் ஃபோல்டர் பயன்படுத்துபவர்களுக்கு அவை வேறு பயனர் எண்ணில் ஓடுவதால், நீக்கிய ஆப் அங்கே மட்டும் எஞ்சியிருக்கலாம்.

போன் லோகோவைத் தாண்டவே இல்லையென்றால் மிச்சமிருப்பது ஃபேக்டரி ரீசெட். போனை அணைத்து, பவர் பொத்தானையும் வால்யூம் அப்பையும் சேர்த்து அழுத்தி ரெகவரி (பழுது நீக்கும் மெனு) உள்ளே போய், வைப் டேட்டா கொடுங்கள். புதிய சாம்சங் போன்களில், யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்திருந்தால்தான் இந்தப் பொத்தான்கள் வேலை செய்யும். பயனர் கணக்கு புதிதாக எழுதப்படுவதால் நீக்கிய ஆப்கள் எல்லாம் திரும்பி, போன் எழுந்துவிடும். உங்கள் தரவு மட்டும் போய்விடும். எழுந்ததும் முன்பு போனில் இருந்த அதே கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது தெரியாவிட்டால் வாங்கிய பில்லோடு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.