வீட்டுக்குச் சொல்லும் முன்

வடசென்னைப் பள்ளிகளில் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்கள், பால்புதுமையரான (தன்பாலீர்ப்புடையோர், திருநர் போன்ற) மாணவர்களிடம் நான் முன்பு செய்த அதே தவறுகளை நல்லெண்ணத்தோடு செய்வதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கேலி செய்யக் கூடாது, அடிக்கக் கூடாது என்பதை அனைவரும் அறிவோம். அவற்றை இங்கே எழுதவில்லை.

பெற்றோரை அழைத்துச் சொல்லிவிடுவது

தண்டையார்பேட்டையில் நான் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பி எடுத்துச் செல்வான். கழிப்பறைக்குப் போனால் நான்கு பையன்கள் பின்னாலேயே வந்து, ஓர் எண்ணைச் சொல்லிக் கூவிக் கதவை உதைப்பார்கள் என்பதால், அவன் நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். ஒருநாள் இதை என்னிடம் சொன்னபோது, தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பதையும் சொன்னான். உதவுவதாக எண்ணிக்கொண்டு, அன்று மாலையே அவனுடைய தந்தையை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதன்பின் அவன் பள்ளிக்கு வரவேயில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தந்தை மட்டும் வந்தார். கதவை உதைத்த நால்வரும் அதே வகுப்பில் ஆண்டுத் தேர்வு எழுதினார்கள்.

"பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா மேடம்?" என்று சென்ற மாதமும் ஓர் இளம் ஆசிரியை கேட்டார். துன்புறுத்தல் நடப்பதை, பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குத் தெரிவிக்கலாம். ஈர்ப்பைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். பாலியல் வன்முறை நடந்திருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐயும் அழைக்கலாம். அப்போதும் ஆபத்தைச் சொன்னால் போதும், ஈர்ப்பைச் சொல்லத் தேவையில்லை.

'மாற்ற' முயல்வது

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, மருத்துவத்தால் ஈர்ப்பை மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இத்தகைய முயற்சிகளைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்லாதீர்கள்.

சொற்களைக் குழப்புவது

தன் பாலினத்தவர்மீது ஈர்ப்புக் கொள்ளும் தன்பாலீர்ப்பு வேறு, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து மாறுபட்டுத் தம்மை உணரும் திருநர் அடையாளம் வேறு.

துன்புறுத்தியவரையும் துன்புற்றவரையும் கை குலுக்க வைத்து அனுப்புவது

வேண்டாம்.

கழிப்பறையைக் கவனிக்காமல் விடுவது

பாலினப் பாகுபாடற்ற கழிப்பறைகள் பள்ளிகளில் வேண்டும் என்பதும் அதே 2021 உத்தரவில் உள்ளது. அது கட்டி முடிக்கப்படும் வரை, இடைவேளைதோறும் ஓர் ஆசிரியர் கழிப்பறை வாசலில் நிற்கட்டும். மாலையில் யாருடைய பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புகிறது என்பதையும் பாருங்கள்.